கன்னி மூலையில் பாரம்

அந்த டைல்ஸ் மேல கால் வைக்காதீங்க தம்பி. இப்படி, சுவரோரமா வாங்க. இன்னும் கொஞ்சம். ம், அங்கேயே நில்லுங்க. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்லை. நேத்து சாயங்காலம்தான் சிமெண்ட் பால் ஊத்தினேன், இன்னும் காயலை. அதுக்காகச் சொன்னேன்.

அளவு மிஷின் பெட்டியை ஹால்லயே வெச்சிட்டு வந்திருக்கலாம். சரி, தூக்கிட்டு வந்துட்டீங்க. அந்த நிலைப்படி கிட்ட வெச்சிடுங்க. உள்ளே வேண்டாம்.

நகராட்சி இன்ஜினியர் வர்றார்னு சொன்னதும் நான் கொஞ்சம் வயசான ஆளா நினைச்சேன். சேர்ந்து எத்தனை நாள் ஆச்சு? எட்டு மாசமா? நல்லது. நானும் அரசாங்கத்துலதான் இருந்தேன். நில அளவை. முப்பத்தி மூணு வருஷம். இந்தத் தாலுகாவுல நான் அளக்காத வரப்பு கிடையாது. அதனால நிலத்தைப் பத்தி எனக்கு யாரும் புதுசா சொல்ல வேண்டியதில்லை. உங்களைச் சொல்லலை. பொதுவா சொல்றேன்.

மனுவைக் காட்டுங்க. பேரு என்ன போட்டிருக்கு? திலகவதி, கணவர் பெயர் தெய்வசிகாமணி. தெய்வசிகாமணி நான்தான். பாருங்க, என் பொண்டாட்டி என் வீட்டு மேலேயே மனு குடுத்திருக்கா. என் சர்வீஸ்ல எத்தனையோ மனு பார்த்திருக்கேன். அண்ணன் மேல தம்பி, அப்பன் மேல மகன், கோயில் மேல குருக்கள்கூட. இப்படி ஒண்ணு பார்த்ததில்லை.

"படுக்கையறையில் பெரும் பள்ளம்." என்ன கையெழுத்து! நர்ஸா இருந்தவ, ரிஜிஸ்டர் எழுதி எழுதி வந்த கையெழுத்து. ஆனா பள்ளம்னு போட்டிருக்கா பாருங்க. எங்கே இருக்கு பள்ளம்? நீங்களே சொல்லுங்க. தரை இருக்கு, டைல்ஸ் இருக்கு, கட்டில் இருந்த இடம் இருக்கு. அந்த மூலை கொஞ்சம் தாழ்ந்திருக்கு. தாழ்ந்தா அதுக்குப் பேரு தாழ்வு. எங்க நகர் சங்கத்துல இதுக்குத் தீர்மானமே இருக்கு.

அதைச் சொல்லிடறேன். போன ஐப்பசி மழையில மூணாவது குறுக்குத் தெருவுல ரோடு இப்படித்தான் கொஞ்சம் தாழ்ந்தது. தண்ணி லாரியோட பின் சக்கரம் பாதி உள்ளே போயிடுச்சு. எவனோ ஒரு வேப்பங்கிளையை ஒடிச்சு நட்டு, சிவப்புத் துணியைக் கட்டிட்டுப் போயிட்டான். அன்னிக்குப் பார்த்து பக்கத்து வீட்டு மாசிலாமணி தன் காலி மனையைக் காட்ட கரூர்லேர்ந்து பார்ட்டியை வரச் சொல்லியிருக்கார். அவர்தான் சங்கத் தலைவர். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடிப் போய் கிளையைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, வீட்டுலேர்ந்து ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கிட்டு வந்து அங்கே வெச்சார். ரொம்ப அழகா இருந்தது. வந்தவங்க ரவுண்டானான்னு நினைச்சாங்க. அந்த ஞாயித்துக்கிழமையே சங்கத்தைக் கூட்டினோம். வாட்ஸப் குரூப்பிலேயோ, வெளி ஆள்கிட்டேயோ யாரும் பள்ளம்ங்கிற வார்த்தையைப் போடக் கூடாது, தாழ்வுன்னுதான் போடணும். நான்தான் வாசகம் எழுதிக் குடுத்தேன். எல்லாரும் கை தூக்கினாங்க. ஒரே ஒருத்தி தூக்கலை. யாருன்னு நீங்களே யூகிச்சுக்குங்க.

"ஏங்க, அந்தத் தொட்டி இப்ப எங்கே?"ன்னு கேட்டா, கூட்டத்துக்கு நடுவுல.

மாசிலாமணி, "தொட்டி உள்ளே எறங்கிடுச்சும்மா, வேற வெச்சிருக்கோம்"னார்.

எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கலை. அவளுக்கு நகைச்சுவை கம்மி.

இந்த மனை முன்னாடி என்னவா இருந்தது, அதுதானே கேட்டீங்க? வயல். நல்லுசாமின்னு ஒரு குடியானவர். நெல்லு போட்டார், அப்புறம் வாழை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி மனை பிரிச்சாங்க. எல்லா மனையும் போயிடுச்சு, இதை மட்டும் ஒருத்தனும் தொடலை. ஏன்னா கிணறு இதுலதான் இருந்தது. வீட்டுக் கிணறு மாதிரி நினைக்காதீங்க. இறைப்புக் கிணறு. இருபத்தஞ்சு அடிக்கு இருபத்தஞ்சு அடி, ஆழம் அறுபது. நாம இப்ப நிக்கிற ரூம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. சௌகரியமா அதுக்குள்ளே அடங்கிடும். சர்வே புலப்படத்துல பார்த்தீங்கன்னா தென்மேற்குல போட்டிருக்கும். என்கிட்ட நகல் இருக்கு, அப்புறம் எடுத்துத் தர்றேன். தெரியாம வாங்கலை தம்பி. தெரிஞ்சுதான் வாங்கினேன்.

கிணத்தை வெச்சுக்கலாம்னுதான் முதல்ல எண்ணம். ஒரு ஓரமா கம்பி வலை போட்டு மூடிட்டு, தண்ணி எடுத்துக்கலாம், தோட்டம் போடலாம். திலகவதிக்கும் அதுதான் ஆசை. அப்பத்தான் பரஞ்சோதி வந்தார். வாஸ்து பரஞ்சோதி. கேள்விப்பட்டிருப்பீங்களே? திசைகாட்டியைத் தரையில வெச்சார். எழுந்திரிச்சார். சட்டைப் பையில அதைப் போட்டுக்கிட்டு என்னைத் தனியா கூட்டிட்டுப் போனார்.

"சார், கன்னி மூலையில, தென்மேற்குல கிணறு. இதை வெச்சுக்கிட்டு வீடு கட்டினா வீட்டம்மா உங்க கூடத் தங்க மாட்டாங்க. ஒண்ணு பிரிஞ்சு போவாங்க, இல்லைன்னா"ன்னு வானத்தைக் காட்டினார்.

இப்ப சொல்லுங்க தம்பி, நான் அந்தக் கிணத்தை மூடினது யாருக்காக? அவளுக்காக. இதை மனுவுல எழுதியிருக்காளா? தேடிப் பாருங்க. இருக்காது.

மூடறதுன்னா லேசு இல்லை. அந்தச் சமயம் டவுன்ல ஒரு பழைய கல்யாண மண்டபத்தை இடிச்சாங்க. எங்கே கொட்டறதுன்னு தெரியாம காண்ட்ராக்டர் தவிச்சுக்கிட்டிருந்தார். இங்கே கொட்டுன்னேன். நூத்தி முப்பத்தெட்டு லோடு. செங்கல், காரை, உத்தரம், கக்கூஸ் கதவு, பந்தல் மூங்கில், கோணி, நாற்காலி. மணமேடைக்கு ரெண்டு பக்கமும் நிறுத்தற தெர்மாகோல் யானை ரெண்டு. அந்த யானைங்க ரெண்டு நாள் மேலேயே மிதந்துக்கிட்டு இருந்தது. அப்புறம் அதுங்க மேல கருங்கல்லைப் போட்டு அமுக்கினோம். கடைசியா மூணு லோடு நல்ல கிராவல் மண்ணு. மட்டம் பார்த்தேன். தாம்பாளம் மாதிரி இருந்தது.

கொட்டிக்கிட்டு இருக்கறப்ப நல்லுசாமி வந்தார். மோட்டார் ரூம் கதவைக் கழட்டிக்கிட்டுப் போக வந்தவர். எட்டிப் பார்த்துட்டு, "சார், அடியில பக்கவாட்டாக் குடைஞ்சு ரெண்டு சைடு போர் போட்டிருக்கேனுங்க. மேற்கால ஒண்ணு, வடக்கால ஒண்ணு. நீங்க எவ்வளவு கொட்டினாலும் அது வழியா இழுத்துக்கிட்டே இருக்குமுங்க. வேற மண்ணா போட்டு, இடிச்சுக் கெட்டி பண்ணிக்கங்க"ன்னார்.

"நல்லுசாமி, உங்களுக்கு நெல்லு தெரியும். எனக்கு நிலம் தெரியும்"னேன்.

அவர் கதவைத் தலையில வெச்சுக்கிட்டுப் போயிட்டார். மேஸ்திரியும் அவர் பங்குக்கு, ரெண்டு மழை போகட்டும்னார். ரெண்டு மழைக்கு அப்புறம் முகூர்த்தம் நமக்காகக் காத்துக்கிட்டிருக்குமா? தையில கடைக்கால் போட்டாச்சு.

கன்னி மூலை வீட்டுலயே உசரமா இருக்கணும், பாரமா இருக்கணும். இது பரஞ்சோதி சொன்னது மட்டும் இல்லை, எந்தப் புஸ்தகத்துல பார்த்தாலும் இருக்கும். அதனால பெரிய படுக்கையறை இங்கே. இதுக்கு மேல மாடியில ஒரு ரூம். அதுக்கு மேல காங்கிரீட் தண்ணித் தொட்டி, நாலாயிரம் லிட்டர். ரெட்டைக் கதவு பீரோ, அந்தா இருக்கு பாருங்க, அது இங்கே. பதினெட்டு வருஷம் ஒரு கீறல் கிடையாது. பதினெட்டு வருஷம் தம்பி! அதை யாரும் மனுவுல எழுத மாட்டாங்க.

எல்லாம் போன ஐப்பசியிலதான் ஆரம்பிச்சது. அதுக்கு முந்தி பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டிப் போட்டாங்க, உங்க ஆளுங்கதான். அப்புறம் மாசிலாமணி வீட்டுல அறுநூறு அடிக்குப் போர் இறக்கினாங்க. அப்புறம் மழை. இத்தனை காரணம் இருக்கு. திலகவதி சொல்ற காரணம் ஒண்ணே ஒண்ணு. நான்.

ஒரு நாள் மத்தியானம் அவ எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து பையைக் கட்டில் மேல கொட்டினா. ஒண்ணு கீழே விழுந்துடுச்சு. விழுந்தது நேரா அந்த மூலைக்கு உருண்டு போச்சு. எடுத்துட்டு வந்து மறுபடி விட்டா. மறுபடி போச்சு. வாங்கிட்டு வந்த பன்னிரண்டையும் ஒவ்வொண்ணா விட்டா. பன்னிரண்டும் அங்கேயே போய் நின்னுது.

நான், "பழம் உருண்டையா இருக்கு, உருளுது"ன்னேன்.

அவ சமையக்கட்டுக்குப் போய்ச் சின்ன உலக்கையை எடுத்துட்டு வந்து, தரையில மண்டி போட்டு உக்காந்து, ஒவ்வொரு டைல்ஸா தட்டினா. ஊர் ஊராப் போய் ஊசி போட்டு, பிரசவம் பார்த்தவ. நோயாளி முதுகுல ரெண்டு விரலை வெச்சுத் தட்டிக் கேப்பாங்களே, அந்த மாதிரி காதைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டுத் தட்டினா. நிலைப்படியிலேர்ந்து கட்டில் வரைக்கும் ஒரு சத்தம். கட்டிலுக்கு அந்தப் பக்கம் வேற சத்தம்.

"ஏங்க, இதுக்கு உள்ளே ஒண்ணும் இல்லைங்க"ன்னா.

"நூத்தி முப்பத்தெட்டு லோடு இருக்கு"ன்னேன்.

"இருந்தது"ன்னா.

அதுக்கு அடுத்த வாரம் ஒரு டைல்ஸ் தானா விட்டுப் போச்சு. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. அவ்வளவுதான். நான் ஒரு கூழாங்கல்லைப் போட்டுப் பார்த்தேன். சத்தமே வரலை. ஆழம் இருந்தா சத்தம் வரணுமா இல்லையா? அவகிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவ என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. முப்பத்தி ஏழு வருஷம் கூட இருந்தவனை முதல் தடவையா பார்க்கிற மாதிரின்னு சொல்வாங்களே, அவ என்னை அப்படிப் பார்த்தா. சாயங்காலம் நாலு புடவை, மாத்திரை டப்பா, அவ அம்மா படம், எல்லாத்தையும் ஒரு பையில எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா.

எங்கே போனாங்கறீங்க? பொறந்த வீட்டுக்குப் போனாலாவது ஊருக்கு ஒரு காரணம் சொல்லலாம். ரெண்டு தெரு தள்ளி ஒரு ஒத்தை ரூமை வாடகைக்குப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. சொந்த வீட்டை வெச்சுக்கிட்டு! காலையில ஒன்பது மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் டிபன் கேரியரோட வருவா. கேட்டுக்கு வெளியேதான் நிப்பா. கேட்டுக்கு மேலால கேரியரை நீட்டுவா, பழைய கேரியரை வாங்கிட்டுப் போவா. உள்ளே ஒரு அடி வைக்க மாட்டா. தெருவே பார்க்குது. "இன்னிக்குப் புளிக்குழம்பு"ம்பா. நான் "சரி"ம்பேன். ஆறு மாசமா எங்க பேச்சு இவ்வளவுதான்.

நான் பரஞ்சோதிக்குப் போன் பண்ணினேன். "நான் அன்னிக்கே சொன்னேனே சார். கன்னி மூலையில பள்ளம் விழுந்தா வீட்டம்மா தங்க மாட்டாங்க. பலன் நடக்குது பாருங்க"ன்னார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி சொன்னது, அப்படியே நடக்குது.

"என்ன பண்ணலாம்?"னேன்.

"மூலை தாழக் கூடாது. பாரத்தை ஏத்துங்க, அம்மா தானா வருவாங்க"ன்னார்.

அப்பவே ஆரம்பிச்சேன். ஓட்டையில மணலும் சிமெண்டும் கலந்து பதினாலு மூட்டை போட்டேன். உள்ளே போச்சு. போகட்டும், அது அங்கே பாரமாத்தானே இருக்கும்? மேல கடப்பாக் கல்லுப் பலகை. அது மேல ஆட்டுக்கல்லு. அது மேல... ஆமா, அந்த மூட்டை எல்லாம் மணல்தான். கட்டிலை எடுத்துட்டு, ஓரமா இருந்த பீரோவை அந்த மூலைக்கே நகர்த்தினேன். நாலு ஆளுங்க வந்தாங்க. பீரோ சாய்ஞ்சிருக்குன்னு நினைக்கிறீங்களா? அது அந்தப் பீரோவோட வாகு.

நான் எங்கே படுத்துக்கிறேனா? ஹால்ல, வாசக் கதவு கிட்ட ஈஸி சேர்ல. காத்துக்காக. கதவைத் திறந்தே வெச்சுக்குவேன். சட்டை போட்டுக்கிட்டேதான் தூங்குவேன், குளிருதில்லையா.

ஏனோதானோன்னு இல்லை தம்பி, தினமும் அளவு எடுக்கிறேன். சுவர்ல அந்தப் பென்சில் கோடெல்லாம் என்னுதுதான். ரசமட்டம் வெச்சுப் போட்டது. கார்த்திகையில நாலு மில்லி. மார்கழியில ஆறு. தையில மூணு. குறைஞ்சுக்கிட்டு வருது பாருங்க. மாசியா? மாசியில பதினொண்ணு. அது பீரோவை நகர்த்தினதால. அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது. பங்குனிக்கு மேல நான் சராசரி எடுக்கிறதை விட்டுட்டேன்.

அப்புறம் பரஞ்சோதிதான் இன்னொண்ணு சொன்னார். "சார், கல்லும் மண்ணும் செத்த பாரம். உயிருள்ள பாரம் வேணும். மாடி ரூம்ல ஒரு குடும்பத்தைக் குடி வைங்க. சாமான் நிறைய இருக்கிறவங்களா பாருங்க"ன்னார். எனக்கும் சரின்னு பட்டது. ஒரு குடும்பம் வந்து புழங்க ஆரம்பிச்சா, அவளுக்கும் பயம் தெளியும். மத்தவங்க இருக்காங்களே, நமக்கு என்னன்னு வந்துடுவா. போர்டு போட்டேன். எட்டுப் பேர் வந்தாங்க. வாசல் விரிசலைப் பார்த்துட்டு ஏழு பேர் போயிட்டாங்க. எட்டாவதா வந்தார் ஜெபராஜ். காலேஜ்ல சரித்திர வாத்தியார். போன்ல பேசறப்பவே கேட்டேன், "சாமான் எவ்வளவு இருக்கும்?" "சாமான் அதிகம் இல்லைங்க சார். புத்தகம்தான் இருபத்திரண்டு பெட்டி இருக்கு. அதை வெக்கிறதுக்கு இடம் கிடைக்குமா?"ன்னு பயந்துக்கிட்டே கேக்கறார். தம்பி, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இருபத்திரண்டு பெட்டி! "தென்மேற்கு மூலையில அடுக்கிக்கலாம், எனக்கு ஆட்சேபணையே இல்லை"ன்னேன். தங்கமான மனுஷர்.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தாங்க. அவரு, அவர் சம்சாரம், மூணு வயசுல ஒரு பொண்ணு. போன்ல குழந்தையைப் பத்தி அவரு சொல்லவே இல்லை. நானும் கேக்கலை. வாசல் கேட்டு கிட்டயே நின்னு பேசிக்கிட்டு இருக்கோம், சரியா ஆறு மணி. திலகவதி கேரியரோட வர்றா. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். அவளே பார்க்கட்டும்.

"யாரு?"ன்னா.

"மாடிக்குக் குடி வர்றவங்க. பார்த்தியா, ஊர் உலகத்துல எல்லாரும் உன்னை மாதிரி பயந்துக்கிட்டா இருக்காங்க?"ன்னேன்.

அவ அந்தப் பொண்ணைப் பார்த்தா. குனிஞ்சு, "பாப்பா பேரென்ன?"ன்னா. அது சொல்ல மாட்டேன்னு அம்மா முந்தானைக்குள்ளே போச்சு. திலகவதி நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"ஏங்க, வீட்டுக்கு ஒண்ணும் இல்லைங்கிறீங்க."

"ஒண்ணும் இல்லை."

"நிச்சயமா?"

"முப்பத்தி மூணு வருஷம் சர்வீஸ்"னேன்.

"சரி, நான் வந்துடறேன்"னா. "இன்னிக்கே வர்றேன். துணிமணியை நாளைக்கு எடுத்துக்கலாம்."

ஆறு மாசம். தினமும் கேட்டுக்கு மேலால நீளற அந்தக் கை, கையில இருக்கிற கேரியர், அவ்வளவுதான் எனக்குப் பொண்டாட்டி. இப்ப வர்றேங்கிறா. கேட்டோட கொண்டியைத் தூக்கிட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு"ன்னா. "இந்தப் பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் நம்ம ரூம்ல, அந்த மூலையில, அஞ்சு நிமிஷம் விளையாட விடுங்க. நீங்க கூட நிக்க வேண்டாம், இங்கேயே என் பக்கத்துல நில்லுங்க. அஞ்சு நிமிஷம். அப்புறம் நான் உள்ளே வர்றேன்."

ஜெபராஜ் என்னமோ வேடிக்கைன்னு நினைச்சுச் சிரிச்சார். அவர் சம்சாரம் சிரிக்கலை. விளையாடன்னு காதுல விழுந்ததோ என்னமோ, அந்தக் குழந்தை அதுக்குள்ளே முந்தானையை விட்டுட்டு உள்ளே ஓடுது. நேரா இந்த ரூமுக்கு. ரூம் கதவு சாத்தறது இல்லை, நிலை கொஞ்சம் கோணிக்கிச்சு. பீரோவுல கண்ணாடி வேற இருக்கு. குழந்தைங்களுக்குக் கண்ணாடின்னா கேக்கணுமா.

அஞ்சு நிமிஷம் என்ன, அஞ்சு மணி நேரம் விளையாடினாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. இருபது கிலோகூட இருக்காது அது. பென்சில் கோடு அசையாது. ஆனா தரை சில்லுன்னு இருக்கும் தம்பி. குழந்தை வெறுங்கால். சளி பிடிச்சுக்கும். அதனால நான் போய்த் தூக்கிட்டு வந்துட்டேன். எனக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. அன்னிக்கு எப்படி ஓடினேன்னு எனக்கே தெரியலை. தூக்கிட்டு ஹால், வாசல், கேட்டு எல்லாம் தாண்டி, ரோட்டையும் தாண்டி எதிர் வீட்டு வாசல்ல கொண்டு போய் இறக்கி விட்டிருக்கேன். அப்புறம்தான் பார்க்கிறேன், என் கால்ல ஒரு செருப்பு இல்லை. குழந்தை அழுதுது. நான் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுட்டேன் போலிருக்கு.

இதுதான் நடந்தது. இதுல என்ன தப்பு? ஒரு குழந்தைக்குச் சளி பிடிக்கக் கூடாதுன்னு தூக்கினேன்.

திலகவதி கேரியரை கேட்டுத் தூண் மேல வெச்சுட்டுப் போயிட்டா. ஜெபராஜ் சம்சாரம் குழந்தையை வாங்கிக்கிட்டு அவர்கிட்ட என்னமோ சொன்னாங்க. "யோசிச்சுட்டுப் போன் பண்றேன் சார்"னார். பண்ணலை. இருபத்திரண்டு பெட்டி போச்சு. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு இவ உங்க ஆபீஸ்ல போய் மனு குடுத்திருக்கா. தேதி போட்டிருக்கு பாருங்க. ஆறு மாசமா சும்மா இருந்தவ, நான் ஒரு குழந்தையைத் தூக்கின மறுநாள் மனு குடுக்கிறா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க படிச்சவர், சொல்லுங்க. நானும் நாலு நாளா யோசிக்கிறேன், பிடிபடலை.

நீங்க என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு. குடியிருக்கத் தகுதி இல்லைன்னு எழுதினீங்கன்னா கரண்டைப் பிடுங்கிடுவாங்க, பூட்டி சீல் வெச்சிடுவாங்க. அப்புறம் அவ திரும்பி வர்றதுக்கு வீடே இருக்காது. அதை மட்டும் நினைச்சுக்குங்க. "தென்மேற்கு மூலையில் தரை சற்றே தாழ்ந்துள்ளது, கண்காணிக்கப்பட வேண்டும்"னு எழுதலாம். நல்ல வாசகம். பொய்யும் இல்லை. கண்காணிக்கிறதுக்கு நான் இருக்கேன்.

சரி. அளந்து பார்த்துட்டுத்தான் எழுதுவேங்கிறீங்க. நியாயம். உங்க இடத்துல இருந்தா நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மிஷினை எங்கே நிறுத்தப் போறீங்க? ஹால்லயா? ஹால்லேர்ந்து மூலை தெரியும், கதவைக் கழட்டிட்டா நல்லாவே தெரியும். மூலையில நின்னு அளவுகோலைப் பிடிக்க ஆள் கூட்டிட்டு வரலையா? ஒத்தை ஆளா அனுப்பினா எப்படி அளக்கறது?

இல்லை இல்லை, நீங்க அந்த மூலைக்கு எங்கே போறீங்க? நில்லுங்க தம்பி. இப்படித் திரும்பி, வந்த வழியே சுவரோரமா வாங்க. நிலைப்படியைத் தாண்டிடுங்க. பெட்டியையும் எடுத்துக்குங்க. இன்னும் கொஞ்சம் தள்ளி, வாசக் கதவு கிட்ட வெச்சுக்குங்க மிஷினை. அங்கேர்ந்தும் தெரியும்.

கோலை என்கிட்ட குடுங்க. குடுங்க தம்பி.

ம். மூலைக்கு வந்துட்டேன். நேரா பிடிச்சிருக்கேன். படிங்க.